அவன் வீட்டுப் பணம்

பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. ஐம்பதைத் தாண்டியவர்கள்.

"நம்மளத் திருடன்னே நெனச்சிக்கிட்டுப் போவட்டும்" என்றார் அவர்.

"எப்படிங்க மனசு வருது? மவன் சம்பளத்துல பாதிய நாம வாங்கித் தின்னுட்டோம்னுதான் பொண்டாட்டியோட தனியாப் போறேங்குறான்."

"தின்னமா? அவன் வூடு கட்டத்தான உன் பேருல பேங்குல போடறோம்."

"அத அவன்கிட்ட சொல்லுங்களேன்."

"சொன்னா மறுநாளே எடுத்து காரு வாங்கிடுவான். உன் புள்ளய எனக்குத் தெரியாதா?"

செல்போன் அடித்தது. மகன்தான். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "போறதுன்னா போ. இந்த மாசப் பணத்தக் குடுத்துட்டுப் போ" என்றார்.

அந்தம்மா போனைப் பிடுங்கினார்.

"தம்பி, நீ குடுத்தது அத்தனையும் எம் பேருல பேங்குல இருக்குது. உன் வூட்டுக்குத்தான். பீங்கான் கம்பெனியில சொல்லிட்டு பேங்குக்கு வா. நாங்க வந்துக்கிட்டு இருக்கோம்."

போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"போச்சு. காரு வாங்கப் போறான் பாரு" என்றார் அவர்.

"வாங்கட்டும். அதுல ஏறியாவது நம்மளப் பாக்க வருவான்."

விருத்தாசலம் வந்தது. இறங்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

"வரேன்னு சொன்னானா?"