சாத்திய கதவு

வெள்ளிச் சாமான் கறுத்துப் போனால் திருநீறு போட்டுத் துலக்குவதுதான் எங்கள் வழக்கம். ஈரத் துணியில் கொஞ்சம் தொட்டுப் பெருவிரலால் தேய்த்தால் போதும். இதை அந்தப் பொலிஸ்காரத் தம்பிக்கு வடிவாக மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், ரிஷானி பிள்ளை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு வந்ததுதான்.

என் வீட்டுக்காரர் சண்முகநாதன் பென்சன் எடுத்த பிறகு, மண்ணுக்குள் உலோகம் தேடுகிற கருவி ஒன்றை வாங்கினார். அனுமதியும் எடுத்தார், எதையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர். நாங்கள் இருக்கிற இந்த லாங்கன்தால் ஊரைச் சுற்றி உழுது விட்ட வயல்களில் அதை ஆட்டிக்கொண்டு நடப்பார். போகும்போது, "கதவைச் சாத்திப்போட்டுப் போறன், பயப்படாதையும்" என்பார். பிறகு வெளியே பூட்டுக்குள் திறப்பு சுழலும் சத்தம் கேட்கும். வீட்டுக்கு ஒரே திறப்பு, அது அவரிடம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போவார். அந்த ஒரு நாளை வைத்துத்தான் மற்ற நாட்களை நான் கழித்தேன்.

இந்த இலையுதிர்காலத்தில் ஒரு வெள்ளிக்காசு கிடைத்தது. கரடி பொறித்த பழைய காசு. தொல்லியல் ஆட்களிடம் ஒப்படைக்க வேண்டியது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கண்டெடுத்தவர் பெயரையும் பக்கத்தில் எழுதுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். அதற்கு முதல், பூதக்கண்ணாடியைப் பிடித்துத் தானே தரம் பார்த்தார்.

"கரடியின்ரை மயிர் தெரியுது. காது கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு. சேர் ஷோன்."

சேர் ஷோன் என்றால் மிக அழகு. இங்கே காசுக்குத் தரம் சொல்கிற வார்த்தையாம்.

"என்னை ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லையே," என்றேன், பகிடியாக.

"நீர் புழங்கித் தேய்ஞ்ச காசெல்லே," என்றார். அவரும் பகிடிதான்.

வெள்ளிக்கிழமை காலையில் விளக்கோடு சேர்த்து அந்தக் காசையும் துலக்கி வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தக் கறுப்புத்தானடி அதின்ரை வயசு. காசைச் சாக்காட்டிப்போட்டாய்."

"நல்லதுக்குத்தானே செய்தனான்."

"இனி உனக்குக் கோயிலும் இல்லை."

கொலைப் பேச்சை முதலில் எடுத்தவர் அவர்தான், பிள்ளை. அதையும் எழுதச் சொல்லுங்கள்.

காசோடு நிலவறைக்கு இறங்கிப் போனார். யுத்தம் வந்தால் ஒளிக்கவென்று இந்த நாட்டில் எல்லாக் கட்டடத்திலும் இருக்கிற பங்கர்தான். அதற்குள் மரச்சட்டம் அடித்த எங்கள் சாமான் அறை. விளக்கைக் கிட்ட இழுத்து வைத்து, திரும்பவும் தரம் பார்த்துக்கொண்டிருந்தார். திறப்புக் கோர்வை வெளியே பூட்டில் தொங்கியது. தேநீர் கொண்டுபோனேன். "வைச்சிட்டுப் போ," என்றார், நிமிராமல். வைத்துவிட்டு வந்தேன். மரக்கதவைச் சாத்தினேன். பங்கரின் கொங்கிறீட் கதவையும் சாத்தினேன். பார்க்கத்தான் பாரம், பிணைச்சல் நல்லது, ஒரு கையே போதும்.

பள்ளி விடுமுறை. கட்டடத்தில் எல்லோரும் ஊர் சுற்றப் போயிருந்தார்கள். உடுப்புத் துவைக்கக் கீழே போனபோது தட்டுகிற சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து தட்டினால் வெளியே இவ்வளவு மெல்லியதாகத்தான் கேட்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் தட்டிய நாட்களில் அவருக்கும் இப்படித்தான் கேட்டிருக்கும். அதற்காக இனி அவரைக் குறை சொல்லமாட்டேன்.

பின்னேரம் தனியாகக் கோயிலுக்குப் போனேன். அங்கே வழக்கமாக வருகிற சிவகலா ஓடி வந்தாள்.

"எங்கையக்கா அண்ணை?"

"கீழை இருந்து காசு பாக்கிறார்."

"உந்தக் காசுப் பைத்தியம் அண்ணையை விடாது," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்குப் பொங்கல் நன்றாக இருந்தது.

அடுத்த வெள்ளியும் போனேன். அதற்குள் தட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

நீங்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்: "ஆச்சி, சாத்தினீங்களோ, பூட்டினீங்களோ? ஜெர்மனிலை ரெண்டும் வேறை."

எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றுதான், பிள்ளை. அவர் சாத்துகிற மாதிரியேதான் நானும் சாத்தினேன். பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.