ஸ்பிரிங் வைத்த பேட்

சுவாமி, ஈஸ்டருக்கு முன்பே பாவசங்கீர்த்தனத்துக்கு வந்திருக்க வேண்டும். பெரிய வாரத்தில் கையில் ஒரு பெட்டி வேலை இருந்ததால் தள்ளிப்போயிற்று. இந்தப் பெங்களூர் கண்டோன்மெண்டில் நம் ஜனங்களுக்குச் சவப்பெட்டி செய்ய நான் ஒருவன்தானே.

வெள்ளிக்கிழமையில் இரண்டு தடவை கறி தின்றேன். பிரசங்கத்தின்போது தூங்கினேன், அதில் பாதிப் பங்கு உங்களுடையது.

அடுத்தது யூஜின் விஷயம்.

போன வருஷம் ஒரு கிரிக்கெட் பேட் செய்தேன். பெட்டிக்கு அறுத்த தேக்கில் மிச்சமான இரண்டு பலகை, நடுவே ஜட்கா வண்டி ஸ்பிரிங், முடுக்க இரண்டு போல்ட். பந்து பட்டால் அமுங்கி, இரட்டை வேகத்தில் உதைத்தனுப்பும். லண்டனில்கூட எவனுக்கும் தோன்றாத யோசனை. ஈஸ்டர் திங்களன்று கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் நடக்கிற மேட்சுக்கு அதை எடுத்து வந்தேன். எதிர்க்கட்சியின் விக்கெட் கீப்பர் யூஜின். தபாலாபீஸ் குமாஸ்தா, வாய்த்துடுக்கு. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் என் பேட்டைத் தட்டினான்.

"உள்ள யாருப்பா? பொட்டில ஆள் இருக்கா?"

மைதானமே சிரித்தது. அம்பயராக நின்ற நீங்களும் சிரித்தீர்கள். நான் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு 'உள்ள யாரு' ஆம்ப்ரோஸ் என்று பெயர். என் பெண்டாட்டி பவுலின்கூட ஒருநாள் கக்கூஸ் கதவைத் தட்டி அப்படியே கேட்டாள். உள்ளே உட்கார்ந்து அழுதேன் சுவாமி.

இந்த வருஷமும் அதே பேட்டைக் கொண்டுவந்தேன். எல்லோருக்கும் சிரிக்க ஆசை, அதனால் யாரும் தடுக்கவில்லை. போல்ட்டுகளை மட்டும் அரைகுறையாக முடுக்கியிருந்தேன். வேகமாக அடித்தால் பின்பலகை கழன்று பின்பக்கம் பாயும். யூஜின் குனிந்து நிற்கிற உயரத்தில் பூசணிக்காயை வைத்து, கொல்லையில் பதினேழு தடவை பார்த்தேன். அவனுக்கு இரண்டு பல் போனால் போதும், வாயை மூடுவான் என்றுதான் எண்ணம். பூசணிக்காய்க்குப் பல் இல்லாததால் அதைச் சரியாக அனுமானிக்க முடியவில்லை.

அவர்கள் கட்சி நோயல் மெதுவாகப் பந்து போடுகிறவன். யூஜின் ஸ்டம்பை ஒட்டி நின்று பேட்டைத் தட்டினான். "உள்ள யாருப்பா?" ஓங்கி அடித்தேன். பந்து எங்கே போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. பலகை அவன் நெற்றிப்பொட்டில் பட்டிருந்தது.

வெள்ளைக்கார சார்ஜண்ட் பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விபத்து என்று எழுதிக்கொண்டார். யூஜினின் அம்மா யூனிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மேல தப்பில்லப்பா" என்றாள். நல்ல மனுஷி.

நான் வந்தது வேறு ஒன்றுக்காக. அடக்கப் பூசையில் என்னைப் புகழ்ந்தீர்கள். "அரை மணி நேரத்தில் பெட்டியோடு வந்து நின்றாரே ஆம்ப்ரோஸ், துக்கத்திலும் என்ன சுறுசுறுப்பு" என்றீர்கள். நானும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். அதுதான் உறுத்துகிறது. அந்தப் பெட்டியை அவன் உயரத்துக்கு அளவாக, ஐந்தடி ஒன்பது அங்குலத்தில், மேட்சுக்கு நாலு நாள் முன்பு, பெரிய வியாழனன்றே முடித்துப் பரணில் ஏற்றியிருந்தேன்.

இல்லாத சுறுசுறுப்புக்குப் புகழ் வாங்கிக்கொண்டது பாவம்தானே சுவாமி? அது ஒன்றுதான் பாக்கி.