தாவீதின்ர அண்ணன்

நில்லும் தம்பி, மேடைக்குப் பேந்து போகலாம். ஆமி கொண்டுபோய்க் கொன்ற அண்ணருக்கு அஞ்சலி சொல்ல ஆத்துக்கு அங்கால லொங்குய்யில இருந்து வேட்டியோட வந்தனீர், அண்ணி சொல்லுற ஒரு கதையையும் கேட்டிட்டுப் போம்.

கையைப் பிடிக்காதையும்.

என்ர மகள் ஷெரோன் யூனிவசிட்டியில படிக்கிற சரித்திரம். இங்கிலாந்துக்குப் பக்கத்தில வேல்ஸ் எண்டொரு நாடு. எழுநூறு, எண்ணூறு வருசத்துக்கு முந்தி அங்க ஒரு ராசாவுக்கு ரெண்டு பொடியள். மூத்தவன் கிரிபித், இளையவன் தாவீது. தாய்மார் வேற. தேப்பன் கண்ணை மூட, பட்டம் தாவீதுக்கு. அதோட விட்டானே? கதைப்பம் வா எண்டு தமையனைக் கூப்பிட்டான். ஒண்டும் நடக்காது எண்டு பிஷப் குடுத்த வாக்கை நம்பிப் போன மனிசனைப் பிடிச்சு அடைச்சுப்போட்டான்.

ஏன் முகம் கறுக்குது? கதைதானே.

கிரிபித்தின்ர பெண்சாதி செனனா. அவள் அழுதுகொண்டு இருக்கேல்லை. நேர இங்கிலாந்து ராசாட்டப் போனாள். என்ர மனிசனை மீட்டுத் தாங்கோ எண்டாள். பெத்த பொடியள் ரெண்டு பேரைப் பிணை வைச்சாள். ராசா படையோட வெளிக்கிட, தாவீது பயந்து தமையனைத் தூக்கிக் குடுத்தான். ராசா என்ன செய்தான்? கிரிபித்தைக் கொண்டுபோய் லண்டன் கோபுரத்தில பூட்டினான். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்ததுதான் மிச்சம். நானும் அவரைத் தேடி ஆமிக் காம்ப் காம்பா நிண்டவள், எனக்கு விளங்கும்.

மூண்டாம் வருசம் கிரிபித் படுக்கைத் துணி, மேசைத் துணி எல்லாத்தையும் கயிறா முடிஞ்சு யன்னலால இறங்கினான். பெருத்த உடம்பு. துணி அறுந்துபோச்சு. விழுந்த வேகத்தில கழுத்து தோளுக்குள்ள போயிட்டுதாம்.

பொறும், இன்னும் இருக்கு. அதுக்குப் பிறகு தாவீதுக்கு வந்த கோபம்! ஐயோ என்ர அண்ணன் எண்டு இங்கிலாந்து ராசாவுக்கு எதிராப் படை திரட்டினான். சனமும் பின்னால போச்சு. உயிரோட இருந்த அண்ணன் கரைச்சல், செத்த அண்ணன்தான் உதவி. உமக்கும் சங்கத் தலைவர் பதவி சும்மா வரேல்லை.

கத்தாதையும். அங்கால அல்போன்சம்மா தேத்தண்ணி ஊத்துறா, கேக்கப்போகுது. மன்னாரில சாக்கால முகத்தை மூடிக்கொண்டு, ஆமியின்ர ஜீப்பில இருந்து உம்மட அண்ணரைத் தலையாட்டிக் காட்டிக் குடுத்தது ஆர் எண்டு எனக்குத் தெரியும்.

ஆர் சொன்னதோ? அவர்தான். உம்மட காலைப் பார்த்து ஆளை மட்டுக்கட்டினவராம். சமாதானப் பேச்சு நடந்த காலத்தில அவரை உயிரோட விட்டவங்கள். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டார், நானும் வாய் திறக்கேல்லை. நேற்றுப் பின்னேரம் டோர்வல் எயார்போட்டில வந்திறங்கினவர். முன் வரிசையில இருக்கிறார். தாடி முழுக்க நரைச்சுப்போச்சு.

போம், போய்ப் பேசும். கேக்கத்தான் வந்திருக்கிறார்.