இரண்டு தடவை கேட்டேன்

டீ நன்றாக இருக்கிறது, சார்ஜென்ட். நீங்கள் முதலில் கேட்டபோது வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டீர்கள், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றேன். மூன்றாவது தடவை, "அட, ஒரு வாய் குடிங்க நோரீன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கெட்டிலைப் போட்டீர்கள். உங்கள் அம்மா உங்களை நன்றாக வளர்த்திருக்கிறார். அயர்லாந்தில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது வேண்டாம் கூச்சத்துக்கு. மூன்றாவது தடவை கேட்பதைத்தான் நாம் கேட்பதாகவே கணக்கில் வைக்கிறோம்.

அடுத்த அறையில் உட்காரவைத்திருக்கிறீர்களே, அந்த ஜெர்மன்காரர், அவரை விட்டுவிடுங்கள். அவர் ஒரு தடவை கேட்டார், கிடைத்த பதிலை நம்பினார். அவர் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பாவம், காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறார். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கும் டொனலுக்கும் கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடம். வீட்டில் நாற்பது கறவை மாடுகள். மாடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. இத்தனை வருடத்தில் நாங்கள் சேர்ந்து வெளியே தங்கியது ஒரே ஒரு நாள், அதுவும் அவருடைய சித்தப்பா சாவுக்கு. கல்யாணமான புதிதில் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு வரைபடம் ஒட்டினேன். தெற்கே கின்சேலில் கிளம்பி, கடலை இடது பக்கம் வைத்துக்கொண்டே வடக்கே டொனிகல் வரை காரில் போவது. சர்க்கரை எடுக்க அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சாலையில் கொஞ்ச தூரம் போய்விட்டு வருவேன். இந்த வசந்தத்தில் டொனலின் முழங்கால் போய்விட்டது, மாடுகளை விற்றோம். எட்டு நாள் பயணம், நாங்கள் இருவர் மட்டும்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் கன்செப்டா டீ குடிக்க வந்தாள். டொனலின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவள். வந்தவளைக் கேட்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

"நீயும் எங்ககூட வாயேன், கன்செப்டா" என்றேன்.

"ஐயையோ, வேணாம் வேணாம். நீங்க ரெண்டு பேரும் ஜோடியாப் போற இடத்துல நான் எதுக்கு?"

"அதனால என்ன, வா."

"இல்லம்மா. என் பூனைய யாரு பாத்துப்பா?"

இரண்டு தடவை ஆயிற்று. நான் வெண்ணெய்க் கத்தியை எடுத்து ரொட்டியில் தடவ ஆரம்பித்தேன். என் வேலை முடிந்தது. டொனல் வாழ்நாளில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்தவர் இல்லை. அவர் அன்றைக்கென்று தலையைத் தூக்கி, "பூனைய பக்கத்து வீட்ல விட்டுட்டு வாயேன்" என்றார்.

"சரிப்பா, நீங்க இவ்வளவு வற்புறுத்துறீங்க" என்றாள் கன்செப்டா. பூனையை அவள் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே பக்கத்து வீட்டில் விட்டுவிட்டாள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

டொனலின் கண்ணுக்கு வளைவுச் சாலைகள் ஒத்துவராது, அதனால் நான்தான் ஓட்டினேன். முன் சீட்டு வேண்டாம் என்று கன்செப்டா இரண்டு தடவை சொன்னாள், மூன்றாவது தடவை ஏறி உட்கார்ந்தாள். டொனல் பின் சீட்டில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிட்டார். எதிரே வருகிற வண்டிக்கு ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது கிராமத்துச் சாலையில் நாம் எல்லோரும் செய்வதுதான். நான் விரலைத் தூக்குவேன். பக்கத்திலிருந்து கன்செப்டா முழுக் கையையும் தூக்கி பிஷப் மாதிரி ஆசீர்வாதம் செய்வாள். டிராக்டர்காரர்கள் சிலர் சிலுவை போட்டுக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவள் கெட்டவள் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னது கிடையாது. ஆனால் கென்மேரில் ஒரு ஸ்கோன் பன் வாங்கிக்கொடுக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. வேண்டாம் என்பாள், வயிறு நிறைந்திருக்கிறது என்பாள், கடைசியில் என்னுடையதையும் சேர்த்துச் சாப்பிடுவாள். ஷானன் ஆற்றைக் கடக்க, கார்களை ஏற்றுகிற படகுத்துறையில், பின்னால் வந்த கார்களைப் பார்த்து "நீங்க முதல்ல போங்க, நீங்க முதல்ல போங்க" என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு படகு போய்விட்டது. கிளேர் மலைமுகட்டில் இறங்கிப் பார்க்கக் கூப்பிட்டால், தன் வயதுக்குப் பாறை எதற்கு என்றாள். மூன்றாவது அழைப்புக்கு இறங்கினாள். அதற்குள் மூடுபனி வந்து கடலை மூடிவிட்டது. முப்பத்து நான்கு வருடம் காத்திருந்து நான் பார்த்தது ஒரு வேலிக்கம்பி.

ஆறாம் நாள் கானமாராவில், பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுகிற திருமதி கிரேலிஷ் வீட்டில் தங்கினோம். கடலைப் பார்த்த பெரிய கட்டில் அறை ஒன்று. கொதிகலனுக்குப் பின்னால் ஒல்லியான இரண்டு கட்டில்கள் போட்ட அறை ஒன்று. கடல் அறையை நான் ஏப்ரலிலேயே போனில் கேட்டு எங்களுக்கென்று வைத்திருந்தேன். டொனல் மூன்று தடவை கேட்டு அதை அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். அவர் எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டார்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் கன்செப்டா சொன்னாள்: "அலைச் சத்தத்துல எனக்குத் தூக்கமே வரல, நோரீன். நீங்க குடுத்துவெச்சவங்க."

நான் அவளுக்கு இன்னொரு முட்டை வேண்டுமா என்று கேட்டேன். கோபம் எதுவும் இல்லை. கோபத்தில் செய்தேன் என்று எழுதினீர்கள் என்றால் அது பொய்யாகிவிடும்.

பக்கத்தில் இருக்கிற தீவைப் பற்றிச் சொன்னது திருமதி கிரேலிஷ்தான். கடல் உள்வாங்கும்போது மணலிலேயே கார் ஓட்டிக்கொண்டு போகலாம், வழிக்குக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். "ஒண்ணே காலுக்குள்ள இந்தக் கரைக்கு வந்துடுங்க. அதுக்கு மேல ரெண்டு பக்கமும் தண்ணி சேந்து வரும், உங்க காரெல்லாம் அதுக்குத் தீப்பெட்டி" என்றார். மேஜையில் எங்கள் மூவரிடமும் சொன்னார். வாசலில் என்னிடம் தனியாகச் சொன்னார். மூன்றாவதாக, முட்டை அட்டையின் மூடியில் நேரத்தை எழுதி என் கையில் கொடுத்தார். நல்ல பெண்மணி.

தீவில் கூரை இல்லாத ஒரு தேவாலயமும் கொஞ்சம் ஆடுகளும் பச்சைப் புல்லும் இருந்தன. வெயில் அடித்தது. டொனல் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். கன்செப்டா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மேட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணிக்கு நான் காரை அவள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

"ஏறு கன்செப்டா, நேரமாச்சு."

"வேணாம் வேணாம், நீங்க போங்க. நான் காலாற நடந்து வந்துடறேன்."

"தண்ணி வந்துடும். ஏறு."

"எனக்காக நீ எதுக்குச் சிரமப்படற? நான் நல்லாத்தான் இருக்கேன்."

இதைச் சொல்லும்போதே அவள் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள். கைப்பையை எடுத்து முழங்கையில் தொங்கவிட்டாள். ஒரு கை கார்க் கதவின் பிடியில் இருந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கேள்வி எந்தப் பக்கமிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியும், இத்தனை வருடமும் அது வந்திருக்கிறது. என் நாக்கு நுனியிலும் வந்து நின்றது. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு முதல் கியரைப் போட்டேன்.

ஒருவர் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்ன பிறகும் கட்டாயப்படுத்துவது அவரை மதிக்காதது போல என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அதுவரை அப்படித் தோன்றியதே இல்லை.

மணல் இறுகி, ஓட்ட நன்றாக இருந்தது. பக்கத்து சீட் காலி. கடல் என் கண்ணுக்கு முழுதாகத் தெரிந்தது. அந்த எட்டு நாளில் நான் ஊர் சுற்றியது என்று சொன்னால் அந்த ஐந்து நிமிடம்தான். எதிரே யாருமே வரவில்லை, ஆனாலும் விரலைத் தூக்கினேன்.

கரையேறியதும் குலுக்கலில் டொனல் விழித்தார்.

"கன்செப்டா எங்க?"

"வரலன்னு சொல்லிட்டா."

தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீ எத்தன தடவ கேட்ட?"

"ரெண்டு."

முப்பத்து நான்கு வருடத்தில் அவர் என்னைப் பார்த்த நீளமான பார்வை அதுதான். பிறகு கதவைத் திறந்து, முழங்காலை இழுத்துக்கொண்டு, போன் செய்ய திருமதி கிரேலிஷ் வீட்டைப் பார்த்து ஓடினார். அங்கே செல்போன் எடுக்காது. மேட்டுச் சாலை, அரை மைல். கார் என்னிடம் இருந்தது. கொண்டுபோய் விடட்டுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

கன்செப்டா நடந்துதான் வந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. கைப்பையைத் தோளுக்கு மாற்றியிருந்தாள். அப்போதுதான் அந்த ஜெர்மன்காரர் தன் ஒற்றை ஆள் துடுப்புப் படகில் அந்தப் பக்கம் போனார். அவள் அருகே நின்றார், பேசினார். அவள் சிரித்துக் கையை ஆட்டுவது எனக்குத் தெரிந்தது. அவர் தலையசைத்துவிட்டு என்னை நோக்கி வந்தார். படகின் மூக்கு மணலில் தட்டியது.

"அம்மா, அங்கே ஒரு பெண்மணி நிற்கிறார்" என்றார். அவர் நம் மொழியைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். "படகைப் பிடித்துக்கொண்டு வருகிறீர்களா என்று நான் கேட்டேன். வேண்டாம், உங்களுக்குச் சிரமம் என்று கூறுகிறார். தாம் நலமாக இருப்பதாகவும் கூறுகிறார். அது உண்மையா?"

துடுப்பு இன்னும் அவர் கையில்தான் இருந்தது. திரும்பிப் போக அவருக்கு இரண்டு நிமிடம் போதும். இன்னும் இரண்டு தடவை கேளுங்கள் என்று சொன்னால், அந்த மனிதர் அப்படியே போய், எண்ணி இரண்டு தடவை கேட்டிருப்பார். சொன்னதைச் செய்கிற மனிதர்.

"அவ வேணாம்னா வேணாம்தான்" என்றேன். "வாங்க, ஃபிளாஸ்க்ல டீ இருக்கு. குடிக்கறீங்களா?"

"ஆம், நன்றி" என்றார்.

முதல் தடவையிலேயே சொன்னார், சார்ஜென்ட். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. கடலுக்கு முதுகைக் காட்டி, காரின் முன் பக்கத்தில் சாய்ந்துகொண்டு இருவரும் குடித்தோம். எந்த ஊர் என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்க்கப்போகும்போதெல்லாம் பிஸ்கட் கொடுத்தேன். மீட்புப் படகு வந்தபோது கம்பம் மட்டும்தான் இருந்தது.

இன்று காலை அவளைக் கரையில் எடுத்தபோது கைப்பை தோளிலேயே இருந்ததாகச் சொன்னீர்கள். அவள் எதையும் லேசில் விடமாட்டாள். டொனல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், நேற்றிலிருந்து என்னுடன் பேசவில்லை. முன்பும் அவர் பேசுகிறவர் இல்லை, அதனால் எனக்கு வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது தடவை கேட்டிருந்தால் அவள் ஏறியிருப்பாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை. படகுக்காரரைத் திருப்பி அனுப்பாததும் தெரிந்துதான். கன்செப்டாவைக் கொன்றது நான்தான், ஆனால் கேட்கவில்லை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

இன்னொன்று. உள்ளே வந்ததும் வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டீர்கள், பாவம், அவருக்கு எதற்கு இந்த மழையில் சிரமம் என்றேன். உடனே பேனா மூடியைக் கழற்றி எழுத ஆரம்பித்துவிட்டீர்கள்.

டீக்கு மூன்று தடவை கேட்டவர் நீங்கள். நானும் அப்போதிருந்து உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.