பதினொரு டியூப் ரத்தம்

— பதினொரு டியூபும் ஒரே ஆளோட ரத்தமாம். பிரான்ஸ்லேருந்து எழுதியிருக்காங்கண்ணா.

— மெதுவா சொல்லு பாப்பா. லைஃப் ஜாக்கெட்ட தள்ளிட்டு உக்காரு. அடுத்த போட் ட்ரிப்புக்கு இன்னும் அரை மணி இருக்குது. சாரத்துலேருந்து நோணாங்குப்பம் படகுத்துறை வரைக்கும் தேடி வந்திருக்க. எந்த டியூபு?

— ஆறு வருஷம் முன்னாடி நம்ம குப்பத்துல எடுத்தோமே, யானைக்கால் ஆராய்ச்சிக்கு. நீதானே ஆளுங்கள கூட்டியாந்த.

— ஆமா. அறுவது பேரு.

— அவ்ளோ கொசுக்கடியிலயும் நோய் வராத அறுபது பேர். அவங்க ரத்தத்துல யானைக்கால் புழுவ எதிர்க்கிற ஒரு பொருள் இருக்குன்னு எழுதினேன். அந்தப் பேப்பராலதான் நான் ப்ரொஃபசரே ஆனேன். நானூத்திமுப்பது பேப்பர்ல அத மேற்கோள் காட்டியிருக்காங்க.

— அப்டின்னா?

— நான் சொன்னத நம்பி, அதுக்கு மேல அவங்க ஆராய்ச்சியக் கட்டியிருக்காங்கன்னு அர்த்தம். இப்ப மிச்சம் இருந்த ரத்தத்த பிரான்ஸ்ல ஜீன் டெஸ்ட் பண்ணிட்டாங்க. அறுபது ஆள் இல்லண்ணா. அம்பதுதான்.

— சரி வுடு. பத்து ஆளு கொறஞ்சா என்ன கெட்டுப் பூடும்?

— என்னண்ணா நீ! எல்லாமே பொய்யோன்னு தோணிடும். பத்தொம்பது வருஷமா நான் எழுதின ஒவ்வொரு பேப்பரையும் தோண்ட ஆரம்பிச்சுடுவாங்க.

— யாரு பண்ண வேலையாம்?

— தேவிப்பிரியா. எங்கிட்ட பிஎச்.டி. பண்ற பொண்ணு. லேபுல டியூபுக்கெல்லாம் பேர் ஒட்டினது அவதான். ஒரு ஆளு ரத்தத்தப் பதினொண்ணா பிரிச்சிட்டான்னு விசாரணை கமிட்டிக்கு எழுதிக் குடுத்துட்டேன். லேபுக்குள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க.

— அந்த சேதராப்பட்டு பொண்ணா? குப்பத்துக்கு வந்தப்ப நம்ம வூட்லதான சாப்ட்டுச்சு. மத்தி முள்ளு எடுக்கத் தெரியாம முழிச்சிச்சே, நான்தான் எடுத்துக் குடுத்தேன்.

— அவதான்.

— அழுதுச்சா?

— அழல. நான் அப்டி செய்யல மேடம், நான் அப்டி செய்யல மேடம்னு அதையே சொல்லிட்டு நின்னா.

— அதோட படிப்பு?

— முடிஞ்சுது. அடுத்த மாசம் தீசிஸ் குடுக்க இருந்தா.

— பாப்பா… இஞ்சின் மேல கை வெக்காத, சூடு. நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அது அந்தப் பொண்ணு இல்ல.

— அண்ணா…

— இரு, சொல்லிடறேன். ஊசின்னதும் சனங்க பயந்துகிட்டு வரல. நீயா, தினம் போன் பண்ணி, அறுவது இல்லன்னா புராஜெக்டே போயிடும்னு அழுவாத கொறையா பேசின. நானும் எத்தினி கதவ தட்டறது? ஊசி போட வந்தது ட்ரெய்னிங் பசங்க, வாரம் ஒருத்தன் மாறி மாறி. நானே கைய நீட்டிட்டேன். வடிவேல்னு என் பேர்ல ஒரு வாட்டி. முத்துவேல், ராமதாஸ், விஜய்னு கடலுக்குப் போயிருந்தவனுங்க பேர்ல பத்து வாட்டி. ரத்தம் ரத்தந்தானன்னு நெனச்சேன், சத்தியமா.

— மெதுவா பேசுண்ணா. கரையில ஆளுங்க நிக்கறாங்க.

— நிக்கட்டும். நாளைக்கு உன் ஆபீசுக்கு வர்றேன். அந்தப் பொண்ண வெச்சுகிட்டே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.

— வராத. அதச் சொல்லத்தான் வந்தேன்.

— என்னாத்த?

— அது யாரோட ரத்தம்னு எனக்குத் தெரியும். ஒப்பிட்டுப் பாக்க என் ரத்தமும் பிரான்ஸுக்கு அனுப்பின பொட்டியில போயிருந்துது. பேர் இல்ல, வெறும் நம்பர். அந்த நம்பர் ஆளுக்கும் பதினொரு டியூப் ஆளுக்கும் கூடப்பொறந்த சொந்தம்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கான். அந்த நம்பர் நான்தான்னு வேற யாருக்கும் தெரியாது. எனக்குக் கூடப்பொறந்தது நீ ஒருத்தன்தான்.

— தெரிஞ்சுதில்ல? அப்ப அந்தப் பொண்ண திரும்பக் கூப்டு.

— மாணவி தப்பு பண்ணிட்டான்னா, பதினொண்ண எடுத்துட்டு பேப்பர் எப்டியோ நிக்கும். சொந்த அண்ணன்னா, நானே சொல்லி செஞ்சேன்னுதான் நெனப்பாங்க. உன்னையும் விசாரணைக்கு இழுப்பாங்க. உனக்காகவும்தாண்ணா சொல்றேன்.

— எனக்காகவா, அந்த நானூத்திமுப்பதுக்காகவா?

— கத்தாதண்ணா.

— கத்தல. ரிப்போர்ட் எப்ப வந்துது, அஞ்சலாட்சி?

— திங்கக்கெழம.

— அந்தப் பொண்ணு பேர எழுதிக் குடுத்தது?

— புதங்கெழம.