பாச்சலூருக்குப் போன தந்தி

“எங்க வீட்டுக்காரரு பொழச்சுட்டாரு. அதைக் கேட்டதுலேருந்து எனக்கு வயிறு எரியுது,” என்றாள், கொடைக்கானல் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்தவள்.

“என்னடி பேச்சு இது?” என்றாள் பக்கத்திலிருந்த தோழி.

“புயல்ல கப்பல் முங்கிருச்சு, ஆளைக் காணோம்னு பாச்சலூர்ல இருக்குற அவுக அக்காளுக்குத்தான் தந்தி போயிருக்கு. ஏதாச்சும் ஆனா யாருக்குச் சொல்லணும்னு கப்பல்ல ஏறும்போதே கேட்டு எழுதிக்கிருவாகளாம். இவரு அக்கா பேரைச் சொல்லியிருக்காரு.”

“நீ பதறிருவேன்னு சொல்லியிருப்பாரு.”

தோழி நீட்டிய வெற்றிலையை அவள் வாங்கவில்லை.

“மீட்டாச்சுன்னு மறுதந்தி வர்ற வரைக்கும் மூணு நாளு அவ பச்சத் தண்ணி பல்லுல படாம அழுதாளாம். அந்த மூணு நாளும் நான் பூண்டுக் காட்டுல களையெடுத்துட்டு, வயிறாரத் தின்னுட்டு உறங்கியிருக்கேன். பதறுறதுக்குக்கூட எனக்குப் பாத்தியதை இல்லையா?”