பர்ஸை மேசைமேல் விட்டுப்போன பெண் நான்தான்

கடைவீதி விபத்து தொடர்பாகச் சாட்சி தாமே முன்வந்து கொடுத்த வாக்குமூலம். உதவி ஆய்வாளர் கேட்கக் கேட்கச் சாட்சி சொன்னது, காலை பதினொன்றே கால் மணிக்கு எழுதத் தொடங்கியது.

என் பெயரும் வீட்டு விலாசமும் இத்துடன் இணைத்த தனித்தாளில் உள்ளன. வயது நாற்பத்தாறு. திருமணமானவள். கணவர் அச்சகத்தில் வேலை செய்கிறார். பிள்ளைகள் இல்லை. தொழில் என்ன என்று கேட்டதற்கு, கடைக்குப் போவது என்று சொன்னேன். உதவி ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆகவே அதை முதலில் விளக்க வேண்டியிருக்கிறது.

பெரிய கடைகள் தங்கள் ஊழியர்கள் வாடிக்கையாளர்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக, ஒரு நிறுவனத்தின் மூலம் என்னைப் போன்றவர்களை அனுப்புகின்றன. மிஸ்டரி ஷாப்பர் என்று இதற்குப் பெயர். நான் சாதாரண வாடிக்கையாளரைப் போலப் போய், விலை கேட்டு, பொருளைப் புரட்டிப் பார்த்து, சில சமயம் வேண்டுமென்றே எரிச்சல் மூட்டிவிட்டு வெளியே வந்து, ஒரு மணி நேரத்துக்குள் கைப்பேசியில் இருக்கும் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். நான் யார் என்று கடையில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்தச் சோதனை செல்லாது, எனக்கும் அதன் பிறகு வேலை கிடையாது. ஏழு வருடமாக இதைச் செய்கிறேன், ஒரு முறைகூட மாட்டியதில்லை. இதில் என் சாமர்த்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. என் முகம் அப்படி. எங்கள் மாடி வீட்டுப் பெண்மணி இதுவரை மூன்று முறை என்னிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கிறார். நீ தொலைந்துபோனால் போலீஸில் என்ன அடையாளம் சொல்வது என்று என் கணவர் கேலி செய்வார். அந்தக் கேலியை இத்தனை நாளும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேலையில் தவறவிட்ட பொருள் சோதனை என்று ஒன்று உண்டு. ஒரு பர்ஸைக் கடை மேசைமேல் மறந்ததுபோல் வைத்துவிட்டு, வழக்கமான நடையில் வெளியே வர வேண்டும். ஊழியர் அதைக் கவனிக்கிறாரா, எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறாரா, எவ்வளவு தூரம் வருகிறார், எத்தனை முறை கூப்பிடுகிறார் என்று பார்க்க வேண்டும். கூப்பிட்டாலும் ஐம்பது அடி நடந்து முடிக்கும்வரை திரும்பக் கூடாது. முன்பு சிலர் முதல் குரலுக்கே இரக்கப்பட்டுத் திரும்பிவிட்டதால் தூரத்தை அளக்க முடியவில்லை என்று இந்த விதியைச் சேர்த்தார்கள். பர்ஸ்களை நிறுவனமே கொடுக்கும். எல்லாம் ஒரே மாதிரி பழுப்பு நிறம், உள்ளே கொஞ்சம் சில்லறை.

அதற்குள் ஒரு குழந்தையின் போட்டோவை வைத்தது நான். அப்படி வைக்கும்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. வெறும் பர்ஸ் என்றால் ஊழியர்கள் இழுப்பறையில் போட்டுவிட்டு, வந்து கேட்கட்டும் என்று இருந்துவிடுகிறார்கள், அதனால் மதிப்பெண் குறைந்து திட்டு வாங்குகிறார்கள். குழந்தை படம் இருந்தால் மனசு கேட்காமல் ஓடி வருகிறார்கள். நாள் முழுக்க நின்றே வேலை செய்கிற பிள்ளைகள், நம்மால் நாலு மதிப்பெண் கூட வாங்கட்டுமே என்று நினைத்தேன். படச்சட்டம் வாங்கும்போது உள்ளே மாதிரிக்கு ஒரு படம் வைத்திருப்பார்களே, அந்தப் படம்தான். முன்பல் இரண்டு விழுந்த பெண்குழந்தை. அதை ஸ்டுடியோவில் கொடுத்து ஐந்து பிரதி எடுத்து, ஐந்து பர்ஸிலும் வைத்தேன். அந்தக் குழந்தை யார் என்று எனக்குத் தெரியாது.

சென்ற மாதம் பதினாறாம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, கடைவீதியில் உள்ள இரண்டு மாடி வீட்டுச்சாமான் கடைக்குப் போனேன். வேலைக்குப் போகும்போது வழக்கமாகச் செய்வதுபோல் கண்ணாடி போட்டு, முடியை இறுகக் கட்டியிருந்தேன். கேமராக்கள் எங்கே இருக்கும் என்று தெரியுமாதலால் தலையைக் குனிந்தபடியே நடந்தேன். விளக்குப் பகுதியில் இருபத்து மூன்று வயது இருக்கும் ஒரு விற்பனைப் பெண் இருந்தாள். உடன் வேலை செய்பவர்கள் அவளைக் குருவி என்று கூப்பிட்டார்கள். சின்ன உருவம், ஓயாத பேச்சு. மேசை விளக்கு வேண்டும் என்றேன். ஏழு விளக்குகளை எடுத்துப் போட்டுக் காட்டினாள். ஏழையும் வேண்டாம் என்றேன், படிவத்தில் அப்படித்தான் இருந்தது. அவள் முகம் சுளிக்காமல், உங்களுக்குப் படிப்பதற்கா, கைவேலைக்கா என்று கேட்டாள். தையலுக்கு என்று பொய் சொன்னேன். அப்படியானால் இப்போது வாங்க வேண்டாம், அடுத்த வாரம் கழுத்து வளைகிற விளக்கு வருகிறது என்று மெதுவாகச் சொன்னாள். அதன் பிறகு நான் பர்ஸை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அப்போது மணி மூன்று இருபது.

கடை வாசலிலிருந்து பன்னிரண்டாவது அடியில் முதல் குரல் கேட்டது. அம்மா என்று மட்டும் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. பேருந்து நிறுத்தம் எதிர்ப்பக்கம் இருந்ததால் சாலையைக் கடந்தேன். சாலையைக் கடக்கக் கூடாது என்று விதியில் இல்லை, கடக்கச் சொல்லியும் இல்லை. அது நானாகச் செய்தது. முப்பத்தொன்றாவது அடியில் இரண்டாவது குரல் கேட்டது. முப்பத்தெட்டாவது அடியில் மூன்றாவது முறை, "அம்மா, கொழந்த போட்டோ இருக்கும்மா இதுல" என்று கத்தினாள். உடனே பிரேக் பிடிக்கும் சத்தமும், அதன் பிறகு வேறொரு சத்தமும் கேட்டன. அதைக் கேட்ட பிறகும் நான் நான்கு அடி நடந்தேன். ஏன் நடந்தேன் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். ஏழு வருடப் பழக்கம் காலில் இருந்தது என்பதைத் தவிர என்னால் வேறு பதில் சொல்ல முடியவில்லை.

திரும்பிப் பார்த்தபோது சாமான் ஏற்றி வந்த வேன் குறுக்காக நின்றுகொண்டிருந்தது. குருவி அதன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தாள். ஒரு செருப்பு கடைப்பக்கம் கிடந்தது. கூட்டம் கூடிய பிறகு நானும் போய்க் கூட்டத்தில் நின்றேன். செய்தித்தாள் விற்பவர் ஒருவர் பர்ஸை எடுத்துத் தூக்கிக் காட்டி, யாருடையது என்று இரண்டு முறை கேட்டார். என்னுடையது என்று வாய் வரைக்கும் வந்தது. மென்று விழுங்கிவிட்டேன். போக்குவரத்துக் காவலர் பர்ஸை வாங்கிக்கொண்டார். ஆம்புலன்ஸ் போகும்வரை நான் அங்கேயே நின்றேன், யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

அதன் பிறகு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பாவிட்டால் அவளுடைய நல்ல நடத்தை எதுவுமே பதிவாகாது என்பதால் அப்படிச் செய்தேன். பொருளை ஒப்படைக்க ஊழியர் முயன்றாரா என்ற கேள்விக்கு ஆம் என்றும், எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு நடுச்சாலை வரை என்றும், கூப்பிட்டது மூன்று முறை என்றும் எழுதி, எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டேன். சிறிது நேரத்தில் எங்கள் மேற்பார்வையாளர் தொலைபேசியில் பேசினார். என்னைவிட வயதில் சிறியவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பொருள் கைக்கு வந்ததா என்று கேட்டார். வரவில்லை, அந்தப் பெண் சாலையில் அடிபட்டுக் கிடந்தாள் என்று சொன்னேன். இருங்கள், படிவத்தைப் பார்க்கிறேன் என்றார். பிறகு, "புரியுதுக்கா. ஆனா கைக்கு வரலன்னா பூஜ்யந்தான் போடமுடியும். அந்தக் கட்டத்துல வேற எழுத எடமில்லக்கா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யல்ல, அந்தக் கட்டத்தில் வேறு எழுத இடமில்லைதான்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் நான் வெளியே போகவில்லை. ஐந்தாம் நாள், கண்ணாடி இல்லாமல், முடியைத் தளர விட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடுப்பெலும்பும் இடது காலும் உடைந்து அவள் பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். அவளுடைய அக்கா பக்கத்தில் இருந்தார். யார் என்று அக்கா கேட்டபோது, உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால், கடைக்கு அடிக்கடி வருகிறவள், கேள்விப்பட்டுப் பார்க்க வந்தேன் என்று சொன்னேன். அவர் எனக்கு நாற்காலி போட்டார். கடை மேலாளர் வந்து, அனுமதியில்லாமல் வேலையிடத்தை விட்டுச் சொந்த விருப்பத்தில் வெளியே போனதால் இது வேலையின்போது நடந்த விபத்து ஆகாது, கடை பொறுப்பேற்காது, அந்த மாத மதிப்பீட்டிலும் அவளுக்குப் பூஜ்யம், இனி வேலையும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனதாக அக்கா சொன்னார். வேலையாகத்தான் போனாள் என்று நிரூபித்தால் மட்டுமே சிகிச்சைச் செலவும் வேலையும் அவளுக்குக் கிடைக்கும். அதன் பிறகு அக்கா குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொம்பள ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா போதும்" என்றார். நான் தலையாட்டினேன்.

குருவி என்னை அக்கா என்று கூப்பிட்டு நன்றாகத்தான் பேசினாள். ஏழு விளக்கு காட்டியவள் என் முகத்தைப் பார்த்துப் பேசியும் அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அந்தப் பர்ஸ் உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்று என்னிடமே கேட்டாள். அந்தம்மா பிள்ளையின் படத்தைக் காணாமல் தவித்துப்போவார் என்றாள். விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று பேருந்தில் வழிநெடுக அழுதேன், பக்கத்தில் இருந்தவர் அதையும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முதன்முறையாகக் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனால் போகிறது, போய்ச் சொல்லு என்றார். மறுநாள் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி, கடை கேட்ட சோதனைக்காகத்தான் பர்ஸை விட்டேன் என்று எழுதித் தரும்படி கேட்டேன். பதினாறாம் தேதி அந்தக் கடையில் எந்தச் சோதனையும் நடக்கவில்லை என்றார்கள். அப்படியானால் பூஜ்யம் போட்டது யார் என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். சற்று நேரத்தில் என் கைப்பேசியில் படிவங்கள் எல்லாம் மறைந்துபோயின. மேற்பார்வையாளர் அதன் பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை. ஒப்பந்தத் தாளில் நான் ஊழியர் என்று எங்கும் இல்லை, வாடிக்கையாளர் என்றுதான் இருக்கிறது.

முந்தாநாள் இந்த நிலையத்துக்கு வந்து, பர்ஸை விட்டது நான்தான் என்று சொன்னேன். கடை கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒரு பெண் தலையைக் குனிந்தபடி வந்து, தலையைக் குனிந்தபடி போகிறாள். முகம் ஓரிடத்திலும் தெரியவில்லை. இது நீங்கள்தானா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். ஆமாம் என்றேன். நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். எனக்கே ஒரு கணம் சந்தேகமாகிவிட்டது.

ஆகவே நேற்று மாலை அவர் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று, குருவியின் கட்டிலருகே நிற்க வைத்து, கடையில் பர்ஸை விட்டுப்போனவர் இவர்தானா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இவங்களா? இல்ல சார். இவங்க என்னத் தேடி வந்து பாத்தவங்க. அந்தம்மா கூப்புடக் கூப்புடத் திரும்பியே பாக்கல" என்றாள். நான்தானம்மா, கண்ணாடி போட்டிருந்தேன், தையலுக்கு விளக்கு கேட்டேன், கழுத்து வளைகிற விளக்கு வரும் என்று சொன்னாயே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு உதவி ஆய்வாளரிடம், "அக்காவுக்கு எம்மேல பாசம் சார். எனக்கு வேல திரும்பக் கெடைக்கணும்னு பொய் சொல்றாங்க. அந்த விளக்கப் பத்தி வர்றவங்க எல்லார்கிட்டயுந்தான் சொல்லுவேன். இவங்க மேல கேஸு கீஸு போட்டுறாதீங்க" என்றாள். அவர் அதைத் தம் நோட்டில் எழுதிக்கொண்டார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

என் வீட்டில் மீதி இருந்த நான்கு பர்ஸ்களை இன்று கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். நான்கிலும் அதே குழந்தை இருக்கிறது. விபத்து நடந்த இடத்தில் எடுத்த பர்ஸோடு சேர்த்து ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பர்ஸ்கள் எந்தக் கடையிலும் கிடைக்கும், படமும் யாரும் எடுக்கலாம் என்று உதவி ஆய்வாளர் சொன்னார். அதுவும் உண்மைதான். இருந்தாலும் என்னிடம் கொடுக்க வேறு எதுவும் இல்லை.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. என்னை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்ல வைக்கவில்லை. அந்தப் பெண்ணின் மேல் உள்ள பாசத்தாலும் இதைச் சொல்லவில்லை. அவள் வேலையாகத்தான் வெளியே ஓடி வந்தாள். அவள் கூப்பிட்டது என் காதில் விழுந்தது, மூன்று முறையும் விழுந்தது.

கையொப்பம்: (சாட்சி தம் சொந்தப் பெயரில் இட்டது)